ஸ்டெல்லாவின் கைராசி

கைராசிக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறீர்களா? நானும்தான்... போன வாரம் வரைக்கும்!

நான் பர்சனெல் ஆபீசராகக் குப்பை கொட்டும் கம்பெனி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கிறது. தகட்டை அடித்து லாரிக்கான சாமான் செய்கிறோம். பிரஸ் லைனில் ஸ்டெல்லா என்று ஒரு பெண், பிள்ளைப்பாக்கத்துக்காரி. தினமும் காலையில் டேப் ரிக்கார்டரில் சாமி பாட்டுப் போட்டு, பெரிய மெஷினுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டுவார்கள். பிறகு முதல் பட்டனை அவள்தான் அழுத்த வேண்டும். அவள் அழுத்தினால் அன்றைக்கு ரீஜெக்ட், அதாவது கழித்துப் போடும் பீஸ், விழாதாம் — சூப்பர்வைசர் ஏகாம்பரத்தின் கண்டுபிடிப்பு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற பெண், மற்ற நாளெல்லாம் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் நிற்பாள்.

இதில் என்ன நஷ்டம் என்கிறீர்களா? டை என்கிற அச்சுகளைச் செய்யும் டூல் ரூம் ட்ரெய்னிங்குக்கான டெஸ்டில் ஸ்டெல்லாதான் முதல். கற்றுக்கொண்டால் வாழ்க்கைக்கும் கைத்தொழில். ஆனால் ஏகாம்பரம் அவளை லைனிலிருந்து விட மறுத்தார். அவர் விடாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

நான் பிரஸ் லைனுக்கே பஞ்சாயத்துக்குப் போனேன். ஸ்டெல்லாவும் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அவ லீவு போட்டப்பகூட மெஷின் நல்லாத்தானே ஓடிச்சு, ஏகாம்பரம்?"

"முந்தின நாளு அவ தொட்டது சார். அந்த ராசி நின்னு பேசிச்சு."

"அவ அழுத்தின அன்னிக்கே டை உடைஞ்சுதே?"

"அன்னிக்குப் பொண்ணுக்கு ஜொரம் சார். இன்னா பண்ணும், பாவம்!"

இவரை எங்கே போய்ப் பிடிப்பது?

நம் மனசு இருக்கிறதே... பலித்ததை எல்லாம் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளும். பலிக்காததற்கு ஒரு சாக்குச் சொல்லி அனுப்பிவிடும். மனோதத்துவக்காரர்கள் இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். படித்தது அத்தனையையும் ஏகாம்பரத்திடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது கரெக்ட்டு சார். ஆனா பொண்ணை அனுப்ப முடியாது."

ஸ்டெல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ ஆத்திரம். சட்டென்று அவள் திரும்பி, பக்கத்து மெஷினில் நின்ற கஸ்தூரியின் உள்ளங்கையில் தன் கையை வைத்து அழுத்தினாள்.

"சார், என் ராசியை அக்காவுக்குக் குட்த்துட்டேன். இனிமே அவங்க கைதான் என் கை. நா போவட்டா?"

ஏகாம்பரம் யோசித்தார்.

"மனசாரக் குட்த்தியா?"

"மனசார சார்!"

"அப்ப சரி. போம்மா, நல்லா கத்துக்கோ."

அவ்வளவுதான்! லைனே கைதட்டியது. கஸ்தூரி தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். என் மனோதத்துவத்தை யாரும் சீந்தவில்லை. போகட்டும்... அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் எனக்கும் வயிறு நிறைந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை கஸ்தூரி பட்டனில் கை வைத்தாள். ரீஜெக்ட் விழுந்தால் ஏகாம்பரம் ஸ்டெல்லாவைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவாரே என்ற பதைப்பில், என்னையும் அறியாமல் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டேன். ஷிப்ட் முடியும்வரை மெஷின் சமர்த்தாக ஓடியது. ஸ்டெல்லா டூல் ரூமில் முகமெல்லாம் கிரீஸோடு நின்றிருந்தாள்.

தேங்காயா? அன்று சாயங்காலமே உடைத்துவிட்டேன்... எதற்கு வம்பு!