நாத்தனாரின் இடது கால்

டிரைவிங் ஸ்கூல் டீச்சரம்மாவுக்கு ஒரே கொள்கை: வண்டி நின்றால் குற்றம் காலில். பதினாறு வருஷமாக ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். எஞ்சின் லேசாக இருமி அடங்கினாலும், "கிளட்ச்சை விட்ட லட்சணத்தைப் பாரு!" என்று ஒரு போடு போடுவார். எதிர்த்துப் பேச யாருக்கு வாய் இருக்கிறது?

அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டது சொந்த நாத்தனார்தான். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. லைசென்ஸ் இருந்தால்தான் சேர முடியும். டெஸ்ட்டுக்குப் போன இரண்டு முறையும், சிக்னலில் நிறுத்தியதும் டீச்சரம்மாவின் கார் பொசுக்கென்று அணைந்தது. மூன்றாவது டெஸ்ட் திங்கட்கிழமை. சனிக்கிழமை காலையிலேயே, "எனக்கு இது வராது அண்ணி. வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு மாடியறைக்குப் போய்விட்டாள்.

பத்து மணிக்கு வகுப்பு முடிந்து வந்த டீச்சரம்மா, காரை வாசலில் நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கிக் கேட்டைத் திறந்தார். பின்னால் எஞ்சின் இரண்டு தரம் குலுங்கி நின்றுபோனது. திரும்பிப் பார்த்தால், உள்ளே குற்றம் சொல்ல ஒரு கால்கூட இல்லை.

அவருக்குத் திக்கென்றது. தான் ஓட்டும்போது மட்டும் ஏன் நிற்பதில்லை? யோசித்தபோதுதான் உறைத்தது. எந்தச் சிக்னலில் நின்றாலும் அவர் பாதம் பிரேக்கோடு சேர்த்து ஆக்சிலரேட்டரையும் ஓரமாகத் தொட்டுக்கொண்டிருக்கும். பழக்கதோஷம். நோஞ்சான் எஞ்சினுக்கு அவரே முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எஞ்சின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரைச் செருகினார். டேஷ்போர்டில் எஞ்சின் கோளாறுக்கான மஞ்சள் விளக்கு மாசக்கணக்கில் எரிந்துகொண்டுதான் இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் "விளக்கைப் பாக்காத, ரோட்டைப் பாரு" என்பதுதான் பதில். எஞ்சின் வால்வுகள் திறக்கிற நேரம் அளவுக்கு மீறி முந்துகிறது என்றது ஸ்கேனர். வேகத்துக்குத் தக்கபடி அந்த நேரத்தை நகர்த்துவது ஆயில் அழுத்தம். ஆயிலுக்கு வழிவிடுவது கட்டைவிரல் பருமனில் ஒரு கண்ட்ரோல் வால்வு. வண்டி நிற்கும்போதும் நேரம் முந்தியே இருந்தால் எஞ்சின் திணறும்.

கண்ட்ரோல் வால்வின் ஒயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தார். காரின் கம்ப்யூட்டர் அந்த ஒயர் வழியே அனுப்பும் கட்டளைதான் தப்பென்றால் இப்போது திணறல் போயிருக்க வேண்டும். போகவில்லை. அப்படியானால் வால்வே சிக்கியிருக்கிறது. எஞ்சின் ஆறும்வரை பொறுமை இல்லாமல் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி அதை வெளியே எடுத்து, பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரைக் கொண்டுவந்து ஒரு நொடி தொட்டார். 'டிக்' என்று உள்ளே நகர வேண்டிய ஊசி அசையவில்லை. ஆயில் நுழையும் சின்னச் சல்லடை முழுக்கக் கறுப்புப் பிசின். ஆயில் மாற்ற வேண்டிய தேதி தாண்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. மாற்றாமல் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தவர் டீச்சரம்மாதான்.

கிளீனர் அடித்துத் துடைத்துத் துடைத்து மறுபடி தொட்டபோது 'டிக்' என்றது. ஆயிலையும் மாற்றிவிட்டு, சத்தமில்லாமல் பூசி மெழுகிவிடலாம். "இன்னும் ஒரு வாட்டி ஓட்டிப் பாரு" என்று அவளை இழுத்துவந்து, வண்டி நிற்காவிட்டால், நான் கற்றுக்கொடுத்ததன் மகிமை என்று பேர்கூட வாங்கலாம். நினைக்கத் தித்திப்பாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷமே வெட்கம் பிடுங்கித் தின்றது.

எண்ணெய்க் கையோடு மாடியேறினார். நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அதைக் கிழிச்சுப் போடு. ரெண்டு தடவையும் ஃபெயிலானது நீ இல்ல, நான்தான்" என்று ஆரம்பித்து, ஆள் இல்லாத கார் நின்றது, பிசின், ஆயில் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார்.

நாத்தனார் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே தள்ளினாள். ஐந்து ஜோடி செருப்பு. தட்டை அடி, மெல்லிய அடி, ரப்பர் அடி.

"எந்தச் செருப்பு போட்டா கிளட்ச்சுக்கு என் கால் சரியா வரும்னு பாத்துக்கிட்டிருந்தேன் அண்ணி."

டீச்சரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "திங்கட்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்டி."

"டெஸ்ட்டுக்குப் போறேன்" என்றாள் நாத்தனார், கடிதத்தை நான்காகக் கிழித்துக்கொண்டே. "ஆனா பக்கத்து சீட்ல அண்ணன் உட்காரட்டும். நீங்க வர வேண்டாம்."