கூடத்துக்குள் ஓடிய மோட்டார் சைக்கிள்

பல வருடம் காத்திருந்து வாங்கிய மோட்டார் சைக்கிளை என் கணவர் கூடத்தில் போர்வை போர்த்தி வைத்திருந்தார். கடைக்குப் போவது சைக்கிளில்தான். "தினம் ஓட்டினா சீக்கிரம் பழசாயிடும்" என்பார். வெள்ளிக்கிழமைதோறும் அதற்குப் பொட்டு வைத்து, நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிடுவார். நான் பின்னால் ஏறி, அவர் தோளைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்வேன். மனசுக்குள் சாத்தனூர் அணைக்கே போய்விடுவேன்.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை பெருமழை. சாரல் அடிக்கிறதே என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் நானே சாத்தினேன். எஞ்சின் ஓடியது. அணையை நெருங்கும்போது தலை சுற்றியது. கண்ணைத் திறந்தால் கூடமெல்லாம் புகை. தூளியில் எங்கள் கைக்குழந்தை துவண்டு கிடந்தது.

"ஐயோ, புள்ள அசையலைங்க!"

அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். முகத்தில் மழை பட்டதும் அது வீறிட்டு அழுதது. "டாக்டர்கிட்ட காட்டிடலாம், ஏறு" என்று வண்டியை வெளியே இறக்கினார். நான் ஆசைப்பட்ட முதல் சவாரி அதுதான். குழந்தையின் முகத்தைத் தவிர வழியில் எதையும் பார்க்கவில்லை. பயமில்லை என்றார் டாக்டர்.

இப்போது வீட்டுக்குள் நாங்கள் எஞ்சினைத் தொடுவதே இல்லை. அவர் தினமும் கடைக்கு அதில்தான் போகிறார். கீறல்கூட விழுந்தாயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்களை வேங்கிக்கால் வரை அழைத்துப் போகிறார். சாத்தனூருக்கு இன்னும் போகவில்லை. ஆனால் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடுவதை விட்டுவிட்டேன்.