கத்தரிப் பாத்தியைக் கூட்டினேன்

எங்கள் வீதியில் சுத்தக்காரி என்று பெயரெடுத்தவள் நான். அந்தப் பெயரே கசந்துபோனது தொண்ணூறுகளில் ஒரு சித்திரையில்.

அன்னூரில் பக்கத்து வீட்டு அண்ணன், கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேரப் போகும் முந்தின நாள், வாசலோரக் கத்தரிப் பாத்திக்கு நிறையத் தண்ணீர் விட்டார். அந்த ஈரத்தின்மேல் காய்ந்த கரும்பு இலைச் சோகையைக் கனமாகப் பரப்பினார். தண்டு அழுகாமலிருக்க நாலு விரல் தள்ளித்தான் போட்டார்.

"ஈரம் பத்து நாளைக்கு நிக்கும் அம்மணி. ஊட்டை மட்டும் பாத்துக்கோங்க" என்றார்.

நோவு தீர்ந்து வருகிறவர் வாசலில் சருகு கிடக்கலாமா? நாலாம் நாள் சோகை முழுவதையும் கூட்டி எரித்து, சாணி தெளித்துவிட்டேன். பெருமை வேறு. அந்த வாரம் குழாயில் தண்ணீர் வரவில்லை. வெறும் மண் வெடித்தது. பிறகு தண்ணீர் வந்ததும் குடத்தில் கொண்டுபோய் ஊற்றியும் செடிகள் பிழைக்கவில்லை.

மாற்றுத்துணி எடுக்க அவர் மனைவி வந்தார். கருகிய செடிகளைப் பார்த்துவிட்டு மண்ணைத் தொட்டார். நான் செய்ததைச் சொல்லி அழுதேன்.

"உடுங்க அம்மணி, நல்லதுக்குத்தானே செஞ்சீங்க. பூத்துச்சான்னு தினமும் கேக்கறாருங்க. பூத்துருச்சுன்னு சொல்லிப்போடறேன்."

சொன்னாராம். அண்ணன் சிரித்தாராம்.

அடுத்த வாரம் அவரைப் பிணமாகக் கொண்டுவந்தார்கள். கிடத்துவதற்கு வாசலைக் கூட்டச் சொல்லி யாரோ என் கையில் சீமாற்றைக் கொடுத்தார்கள்.

கூட்ட அங்கே ஒரு சருகுகூட இல்லை.