வெள்ளிக்கிழமை நின்றுபோன திருத்தம்

கணினி வேலை என்றால் கொழும்புக்குப் போயே ஆகவேண்டும் என்றவர்களோடு நான் வாதாடவில்லை. நற்பிட்டிமுனையில் என் வீட்டு அறையில் இருந்துகொண்டே ஒரு அரிசி ஆலையின் தகவல் முழுவதையும் ஓடவிட்டேன். ஆலைத் தராசில் நெல் நிறுக்கப்பட்டதும் யாருடைய நெல், எதற்கு வந்தது, எத்தனை மூடை என்று ஒரு பதிவு விழும். அதே பதிவு மூன்று இடத்துக்குத் தேவை: அலுவலகம், களஞ்சியம், நெல் அவிக்கும் பகுதி. மூன்றிலும் இருந்தவை வெவ்வேறு காலத்தில் வாங்கிய மென்பொருள்கள். ஒன்றின் பாஷை மற்றதற்கு விளங்காது. நடுவில் நின்று பதிவை வாங்கி, ஒவ்வொன்றுக்கும் விளங்கும்படி மாற்றி அனுப்பும் மென்பொருளை எழுதியவள் நான். நன்றாகவே எழுதினேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

ஒரு இடத்தில் மட்டும் விட்டுக்கொடுத்தேன். ஆலை முதலாளி எல்லாருக்கும் ஹாஜியார். எந்தப் பதிவும் தன் கண்ணில்தான் முதலில் படவேண்டும் என்றார். பெரிய மனிதர் கேட்கிறாரே என்று, அலுவலகக் கணினி ‘கிடைத்தது’ என்று பதில் தந்த பிறகே மற்ற இரண்டுக்கும் செய்தி போகும்படி வைத்தேன்.

விதைப்புக் காலம் தொடங்கியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை சொறிக்கல்முனையிலிருந்து ஒரு அம்மா இருபது மூடை நெல் கொண்டுவந்தார். தராசடிக் கிளார்க் வழக்கம்போல அவிக்கிற நெல் என்று பதிந்தார். பதிவு மூன்று இடத்துக்கும் போனது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த அம்மா, தராசடியில் கொடுத்த பதிவுத் துண்டை வாசித்துப் பார்த்து மறித்தார். அது விதை நெல். யானை வீட்டுச் சுவரை உடைத்துவிட்டதால் விதைக்கும் வரை களஞ்சியத்தில் வைக்கக் கேட்டிருந்தாராம். கிளார்க் பதிவைத் திருத்திவிட்டு ஜும்ஆத் தொழுகைக்கு ஓடினார்.

அதற்குள் அலுவலகத்தில் மெயின் சுவிச்சை அணைத்துவிட்டு எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். அவிக்கும் பகுதி மட்டும் நிற்காது. அங்கே வேலை செய்பவர்கள் காரைதீவுத் தமிழர்கள், அவர்களுக்கு ஜும்ஆ இல்லை. முந்திய வெள்ளிகளிலும் பதிவுகள் ஒரு மணி நேரம் பிந்தித்தான் போயிருக்கும், யாருக்கும் உறைக்கவில்லை. கொழும்பில் இருப்பவர் எழுதியிருந்தால் தெரியாமல் செய்துவிட்டார் என்று விடலாம். பிறந்தது முதல் இந்த ஊரின் வெள்ளிக்கிழமைகளைப் பார்க்கிறவள் நான். என் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

வீட்டில் நண்பகல் ளுஹர் தொழுதுவிட்டு வந்து திரையைப் பார்த்தால், அந்தத் திருத்தம் அலுவலகத்தின் பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறது. ஹாஜியாரின் போன் அணைந்திருந்தது. கிளார்க்கின் போனும் அப்படியே. அவிக்கும் பகுதி மேற்பார்வையாளரை அழைத்தேன்.

“எட்டு மூடை தொட்டிக்குள்ள கொட்டித் தண்ணியும் விட்டாச்சு தங்கச்சி. நீராவி இன்னும் திறக்கல்ல.”

“திறக்காதீங்க அண்ணன். அது விதை நெல்.”

ஸ்கூட்டியில் ஆலைக்குப் போனேன். அந்த அம்மா திருத்திய துண்டுக்காக வாசலிலேயே காத்திருந்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. நேரே தொட்டிக்குப் போய்க் கையை விட்டு ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்த்தார். தண்ணீர் பச்சைத் தண்ணீர்தான்.

“விதை சாகல்ல. ஆனா நனைஞ்சத இனி வைக்க ஏலா, ரெண்டு மூண்டு நாளைக்குள்ள விதைக்கோணும். வயல் இன்னும் உழுது முடியல்ல புள்ள.”

ஹாஜியார் பள்ளியிலிருந்து வந்ததும் மெசினில் என்ன பிழை என்று கேட்டார். மெசின் சரி, பிழை என்னுடையது என்றேன். அவர் முதலில் பார்க்கவேண்டும் என்று கேட்டதும் பிழைதான் என்று அதே மூச்சில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு தன் இரண்டு உழவு இயந்திரங்களையும் அன்று பின்னேரமே அந்த அம்மாவின் வயலுக்கு அனுப்பச் சொன்னார்.

ஈர மூடைகளோடு வண்டியில் ஏறும்போதுதான் அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

“மூண்டு இடத்துக்கு அறிவிச்ச நீங்க. நெல்லுக்காரி நான் வாசல்லதானே இருந்தன். எனக்கு ஆர் அறிவிச்ச?”

மூன்று கணினிக்கும் விளங்கும் பாஷையில் எழுதிய எனக்கு, நெல்லின் சொந்தக்காரர் ஒரு தரம்கூட நினைவுக்கு வரவில்லை.

அன்று பின்னேரம் அந்த வரிசையை உடைத்தேன். மூன்று வழியும் தனித்தனி. ஒன்று அணைந்து கிடந்தால் மற்றவை அதற்காகக் காத்திருக்காது. நான்காவதாக நெல்லுக்குரியவரின் கைத்தொலைபேசியைச் சேர்த்தேன். அங்கிருந்து சம்மதம் வராமல் தொட்டியில் தண்ணீர் விடக்கூடாது என்றும் வைத்தேன். வேலை சுணங்கும் என்று ஹாஜியார் முணுமுணுத்தார். இந்த முறை நான் அசையவில்லை.

களஞ்சியத்தில் மீதியிருந்த பன்னிரண்டு மூடையின் பதிவைத்தான் அந்த வழியில் முதலில் அனுப்பினேன். நாலாம் நாள் அந்த அம்மாவின் பதில் வந்தது: “ஓம். பன்னிரண்டும் இருக்கட்டும். எட்டும் வயல்ல முளைச்சிட்டு.”