தொலைநோக்கிக்கு ஒரு போல்ட்

சிம்பாங் அம்பாட் இரும்புக்கடை அண்ணன் போல்ட் டின்னைக் கவிழ்த்ததும் கிரீஸ் வாசனை எழுந்தது. பழையதாய் வாங்கிய என் தொலைநோக்கியின் தாங்கியை முக்காலியோடு சேர்க்கும் போல்ட் தொலைந்திருந்தது.

இதே வாசனை அம்மாவின் கைகளில் அடித்த நாள் ஒன்றுண்டு. ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைவீட்டுக் கூரையில் அன்று டிவி ஏரியல் கட்டினாள். கம்பத்தைக் கவ்வ எதுவும் கிடைக்காததால், பால்மரத்தில் பால் பிடிக்கும் கோப்பையைக் கட்டும் கம்பியை முறுக்கி, அப்பாவின் சைக்கிள் போல்ட்டால் இறுக்கினாள். ஏணியை நான் பிடித்திருந்தேன்.

தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் கிராணி ஓடிவந்தார். "தோட்டத்துக் கம்பியில ஒனக்கு டிவி கேக்குதா? எறக்கு!"

"பத்து வருசமா மழையில நனையிறேன், ஒரு மொழம் கம்பி எனக்கில்லையா? வேணும்னா ஏறிவந்து அவுத்துக்குங்க கிராணி!"

லயமே சிரித்தது. அவர் ஏறவில்லை. மறுநாளே அம்மாவை, ஏறி இறங்கிப் பால் வெட்டவேண்டிய மேட்டுக்காட்டு மர நிரைக்கு மாற்றினார். அம்மா வாளியோடு மேடேறினாள், ஏரியலை இறக்கவில்லை.

"இதுக்குச் சாமான் வராதுலா. புதுசு வாங்கிக்க தம்பி," என்றார் இரும்புக்கடை அண்ணன்.

நான் நீளமான போல்ட் ஒன்றைப் பொறுக்கி, மூன்று வாஷர் கோத்து, அங்கேயே நின்று முடுக்கினேன்.

"ஆடுச்சுன்னா திருப்பிக் கொண்டாந்துராதே."

"ஆடாதுண்ணே."