நாடா திரும்பும் வரை

கோர்வைப் புடவை நெய்கிறவர்களுக்குத் தெரியும், அதில் ஒரு காத்திருத்தல் உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை பின்னிக்கொண்டே போக வேண்டும். நான் உடலுக்கான நாடாவை, குறுக்கிழையைச் சுமந்து ஓடும் அந்தச் சின்னக் கட்டையை, எறிவேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா கரைக்கான நாடாவை எறிவாள். அது போய்த் திரும்பும் வரை என் கை அந்தரத்தில் நிற்கும். சட், சட், பிறகு ஒரு வெறுமை. அதன்பிறகுதான் இழுத்து அடிக்கலாம். என் பாட்டெல்லாம் அந்த வெறுமைக்குள் பிறந்தவை. மேடையில் கிதாரோடு நின்றபோதும் நான் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. இதை யாரும் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

அறுபதுகளில் அக்காவின் பேறுகாலத்துக்குத் துணையாக என்னைச் சிங்கப்பூருக்குக் கப்பலேற்றினார்கள். பிள்ளை பிறந்தது, தவழ்ந்தது, பள்ளிக்கூடம் போனது. நான் திரும்பவில்லை. அக்கா வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் நான்கு பையன்கள், ஒரு மலாய்க்காரன், ஒரு சீனன், இரண்டு தமிழர்கள், மாலையானால் கிதாரும் டிரம்முமாகச் சுவரை அதிர வைப்பார்கள். துணி காயப்போடப் போனவள் ஒருநாள் அவர்கள் நடுவில் போய் நின்று நானே கட்டிய ஒரு பாட்டைப் பாடினேன்.

டிரம் வாசித்தவன் பாதியில் குச்சியைக் கீழே வைத்தான்.

"என்னக்கா, நடுவுல நொண்டுது உங்க பாட்டு?"

"நொண்டலப்பா. நாடா திரும்பணும்."

"எந்த நாடா?"

"அது உனக்கு எதுக்கு? நான் தலையாட்டுனா அடி. அதுவரைக்கும் கம்முனு இரு."

அந்த நொண்டல்தான் எனக்குப் பேர் வாங்கித் தந்தது. ஹோட்டல்களில் ஆடுகிறவர்கள் அந்த இடத்தில் ஒரு காலைத் தூக்கி நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். கோலாலம்பூர் கூப்பிட்டது. கொழும்பு கூப்பிட்டது. ரெக்கார்டு வந்தது. அதன் உறையில் பெல்பாட்டமும் கிதாருமாக நான், பல்லெல்லாம் தெரிய.

அந்த உறை யார் பெட்டியிலோ ஏறிக் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தது. எதிர்வீட்டு அத்தை அதை அம்மாவின் அடுப்படியில் கொண்டுவந்து போட்டாளாம். "பாத்துக்கோம்மா, உம் பொண்ணு சம்பாதிக்கிற அழக."

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பாவு, அதாவது புடவையின் நீளவாட்டுப் பட்டிழைகள், தறியில் ஏறுவதற்கு முன் அதைத் தெருநீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை ஒட்டாமல் நார் பிரஷால் துலக்க வேண்டும். கஞ்சி காய்வதற்குள் முடியாவிட்டால் பாவு பாழ். ஒரு வீட்டாரால் ஆகிற வேலை இல்லை. அதனால் விடியற்காலையில் வீட்டுக்கு ஓர் ஆள் கூப்பிடாமலே வந்து கை கொடுப்பார்கள். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கும் வருவார்கள். அந்த உறை வந்த வாரம் அப்பாவின் பாவுக்கு ஒருவரும் வரவில்லை. அதற்கப்புறம் நான்கு வருஷம், அப்பா ஒவ்வொரு பாவையும் சுருட்டி பஸ்ஸில் ஏற்றி, வாலாஜாபாத் பக்கம் உறவுக்காரர் தெருவில் துலக்கிக்கொண்டு வந்தார். எனக்கு ஒரு வரி எழுதவில்லை. அக்கா வாய் தவறிச் சொன்ன அன்றே டிக்கெட் எடுத்தேன்.

வந்த மறுநாள் தெருப் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர்தான். மோர் கொடுக்கச் சொன்னார்.

"திருவிழாவுல சாமி தெருவுக்கு வரும். அப்ப ஒரு தேவாரம் பாடு. பாடிட்டு, தெரு முன்னாடி விழுந்து எழுந்துரு. எல்லாம் சரியாப் பூடும்மா."

"பாடறேன் பெரிப்பா. விழ மாட்டேன்."

"அப்ப உங்கப்பன் பாவு?"

"நாளைக்குக் காலையில. நம்ம தெருவுலதான்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "உன்ன யாரும்மா கேட்டது? பஸ்ஸு இருக்குது. நான் போய்க்கினுதான இருக்கறேன்."

"அதான்ப்பா வேணாம்ங்கறேன்."

விடியலில் மூன்று பேர் பாவை இழுத்துக் கட்டினோம். கஞ்சி தெளித்தாயிற்று, இனித் திரும்ப முடியாது. அப்பா ஒரு முனையில் இழைகளைப் பிரித்துக்கொண்டிருக்க, பாவுக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நான். இரண்டு பிரஷும் ஒன்றாகப் போக வேண்டும். அம்மாவுக்கு வேகம் போய்விட்டிருந்தது. கோபுரத்துக்குப் பின்னாலிருந்து வெயில் வந்தது. வாசல்களில் வேப்பங்குச்சியோடு நின்று பார்த்தார்கள். ஒருவரும் இறங்கவில்லை.

எங்கள் கைகள் சேரவில்லை. சேர்வதற்காகத்தான் பாடினேன், யாரையும் மயக்குவதற்காக அல்ல. ரெக்கார்டில் வந்த அதே பாட்டு, அடித்தொண்டையில். சட், சட், வெறுமை. அந்த வெறுமையில் அம்மாவின் பிரஷ் தானாகத் தூக்கி நின்றது. என்னைப் பார்த்தாள்.

எதிர்வீட்டு அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"உம் பாட்டுக்கு வரல. பட்டு கெடுது, அதுக்கு வந்தேன்."

ஒரு பிரஷை எடுத்தாள். பத்தடி போவதற்குள் அவள் கையும் சரியாக அந்த இடத்தில் நின்றது.

"ஏண்டி, இது தறி அடிக்கிறதுதான?"

"ஆமா அத்த."

"இதுக்கா வெள்ளக்காரன் துட்டு குடுக்கறான்?"

"சீனக்காரனுந்தான்."

"எம் மாமியாருக்குத் தெரிஞ்சிருந்தா பங்களாவே கட்டியிருப்பா."

அதன்பிறகு இன்னும் மூன்று பேர் வந்தார்கள். அவ்வளவுதான். பெரியவர் கதவு மூடியே இருந்தது. ஏழு பேரும் ஓடி ஓடித் துலக்கினோம். வெயில் முந்திக்கொண்டது. கடைசி இரண்டு முழம் ஒட்டிக் கட்டையாகிப் போனது.

மூன்று புடவைக்கான பாவு அது. மூன்றாவது புடவை குட்டையாக வந்தது. பட்டு நூல் கொடுத்த முதலாளி எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். அரக்கில் பச்சைக் கரை, கோர்வை, ஓர் இழை பிசகில்லை. பெல்பாட்டத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு அடுத்த பத்து வருஷம் எல்லா மேடையிலும் அதைத்தான் உடுத்தினேன். முந்தானை தோளைத் தாண்டி ஒரு சாண்தான் விழும். புது ஃபேஷனா என்று பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள். எங்கள் தெருவில் வராமல் போனவர்களின் அளவு என்பேன். அவர்களுக்குப் புரியாது.

கிதார் வார் மாட்ட அந்தக் குட்டை முந்தானைதான் தோது.