அக்கா தேறிய பெயர்கள்

பள்ளிக்கூடம் பார்க்க வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை வருகிற நாளில் எங்கள் தலைகளில் வழிய வழியப் பூசிய தேங்காயெண்ணெய் வாடை இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. இலங்கையில், கண்டிப் பக்கம் கலஹாவுக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில், பழத்தோல் உரிக்கும் ஸ்டோருக்குப் பக்கத்துச் சாய்ப்புதான் எங்கள் பள்ளிக்கூடம். தோல் புளித்து நாறும், ஈ மொய்க்கும். வருஷம் முழுக்க அந்த நாற்றத்தில் எங்களைக் கிடக்கவிட்டவர்கள், அந்த ஒரு காலையில் மட்டும் முகம் கழுவிவிட்டு வரிசையில் நிறுத்துவார்கள். சந்தைக்கு மாட்டைக் குளிப்பாட்டிக் கொண்டுபோவதும் அப்படித்தான்.

ஏற்பாடு இதுதான். வசதியுள்ளவர் பிள்ளைகளுக்குக் கண்டி நகரத்தில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அதற்குக் கீழே ஊர்ப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பள்ளிக்கூடம். எல்லாவற்றுக்கும் அடியில் தோட்டத்துப் பள்ளிக்கூடம். அதில் இருந்ததே முதலாம் வகுப்பு ஒன்றுதான். மிஷன் நடத்தும், சர்க்கார் உதவிப்பணம் கொடுக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை வரும் துரை முன்னால் எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்களோ, அத்தனை பேருக்குத்தான் பணம். ஒரு தடவை தேறிய பிள்ளைக்கு அதே வகுப்புக்கு மறுபடி கிடையாது. படித்தார்களா என்று கேட்பாரில்லை. எந்தப் புண்ணியவான் மூளையில் உதித்ததோ!

பழம் பறிக்கும் காலத்தில் பிள்ளைகள் எல்லாரும் மலையில்தான். எழுத்துக் கூட்டவே தெரியாது. தெரிந்தது என்னைவிட ஒன்றரை வயது மூத்த என் அக்காவுக்கு மட்டுந்தான். கடையில் சாமான் சுற்றிக் கொடுக்கும் காகிதத்தைக்கூட விடாமல் வாசிப்பாள்.

எங்கள் உபாத்தியாயர் திருநெல்வேலிக்காரர். அவர் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள். அக்காவை அவள் பெயரில் பரீட்சைக்கு நிறுத்தவேயில்லை; ஒரு தடவை தேறிவிட்டால் அப்புறம் அவளை வைத்துப் பணம் வாங்க முடியாதே. பிள்ளைகள் பெயர் எழுதிவைக்கும் இடாப்பில் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதிவிட்டு, வருஷத்துக்கு ஒரு பிள்ளையின் பெயரில் நிறுத்தினார். "ஏ புள்ள, இன்னைக்கு நீ காத்தாயி. தொர கூப்புட்டா பேயறைஞ்ச மாதிரி முழிக்காத!" காத்தாயி அந்த மழைக்காலத்தில் வாந்திபேதியில் செத்துப்போனவள். எரிகிற வீட்டில் பிடுங்கினது ஆதாயம்! துரைக்கு எங்கள் முகங்களெல்லாம் ஒரே முகம். காத்தாயியை நன்றாக வாசிக்கிறாள் என்று மெச்சிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த இரண்டு வருஷமும் தோட்டம் மாறிப் போய்விட்ட இரண்டு பிள்ளைகளாக அக்கா தேறினாள். நான் காய்ச்சலில் கிடந்த வருஷம் நானாகவும் தேறினாள். "எம் பேர எப்பய்யா எழுதுவீங்க?" என்று கேட்டால், "ஒம் பேரு எங்க ஓடியா போகுது? அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்" என்பார். அக்கா சிரித்துக்கொள்வாள். அப்போது அது எங்களுக்கு விளையாட்டுத்தான்.

பிறகு கண்டி மிஷன் பள்ளிக்கூடத்து மிஸ்ஸியம்மா வரப்போகிறார் என்று தெரிந்தது. பரீட்சையில் தேறிய தோட்டத்துப் பெண் ஒருத்தியை விடுதியில் சேர்த்து, உபாத்தியாயினி ஆக்கப்போகிறார்களாம். அக்கா ஒரு வாரத்துக்கு முன்பே துணியை மூட்டை கட்டிவிட்டாள். "வாத்தியாரய்யா எல்லாஞ் சொல்லிருவாருடி" என்றாள். பைத்தியக்காரி! நிஜமாகவே நம்பினாள்.

மிஸ்ஸியம்மா இடாப்பைப் புரட்டினார். தேறிய பெண்களில் ஒருத்தி செத்தவள், இருவர் தோட்டத்தில் இல்லை. மிச்சம் நான். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு அக்கா பெயரில் விரலை வைத்து, "நான்கு வருஷமும் வரவில்லையே, ஏன் பெண்ணே?" என்று கேட்டார்.

உபாத்தியாயர் கூரையைப் பார்த்தார். உண்மை வெளிவந்தால் அவர் வேலை போகும். என் இடமும் போகும். அக்கா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் சோம்பேறிங்கம்மா" என்றாள்.

மிஸ்ஸியம்மா அவளுக்குச் சுறுசுறுப்பைப் பற்றி வெகுநேரம் புத்தி சொன்னார். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயே திறக்கவில்லை. எனக்குப் பத்து வயது, தெரியாத வயதில்லை. உபாத்தியாயர் மேல் காறித் துப்பலாம் போலிருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்த எச்சிலில் பாதி என் மேல்தான் விழவேண்டும். அன்று சாயந்தரம் அக்கா கட்டிவைத்த மூட்டையில் என் துணியை மாற்றி வைத்தாள்.

இன்று நான் கண்டியில் உபாத்தியாயினி. காப்பி நோய் விழுந்து அழிந்து, அதே மலையில் தேயிலை வந்துவிட்டது. அக்கா கொழுந்து கிள்ளுகிறாள். இன்ஸ்பெக்டர் துரை மட்டும் வருஷா வருஷம் தவறாமல் வந்து தலை எண்ணிவிட்டுப் போகிறார். சீ, என்ன பிழைப்பு!

போன மாதம் அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. பிள்ளையின் கையை என் கையில் பிடித்துக் கொடுத்தாள்.

"நல்லாப் படிப்பா. பேரு மட்டும் அவ பேரயே எழுதுடி" என்றாள்.